இறக்கி வைத்த சிரிப்பு

விடிவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பன்னிரண்டு பெண்களும் முகம் கழுவி, பவுடர் பூசி, சிரிப்பை மாட்டிக்கொண்டு தயாராகிவிட வேண்டும். ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். கதவென்றால் மரக்கதவு இல்லை. கேமராவுக்கு மேலே எரியும் சிவப்புப் புள்ளி. அது எரிந்தால், உலகத்தின் வேறொரு மூலையில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருப்பவன் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம். அவனுக்குப் பொழுது சாய்கிறது, இவர்களுக்குப் பொழுது விடிகிறது. அவன் கொட்டாவி விடலாம். இவர்கள் விடக்கூடாது.

அந்தக் கட்டடம் முன்பு மாவுக் கிடங்காக இருந்தது. பிளைவுட் பலகையால் தடுத்து வரிசையாகப் பன்னிரண்டு அறைகள் ஆக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு மெத்தை, யாரும் தூங்காதது. ஒரு சன்னல், திறந்தால் செங்கல் சுவர். அந்தச் சன்னலின் திரைச்சீலை அசைவதற்காகக் கீழே ஒரு குட்டி மின்விசிறி ஒளித்து வைத்திருந்தார்கள். காற்று சீலைக்குத்தான், ஆளுக்கில்லை. ஆளுக்கு எதிரே வட்ட விளக்கு. இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணை மூடினாலும் உள்ளே இரண்டு வெள்ளை வளையம் நிற்கும். பேருந்துப் படியில் கால் வைக்கும்போதும் அந்த வளையம் முன்னால் வந்து நிற்கும். யாராவது பலமாக நடந்தால் கூரையின் விட்டத்திலிருந்து பழைய மாவு இன்னும் உதிரும்.

பேச்சுதான் அங்கே சரக்கு. பேச்சு, பாட்டு, தலைவாருதல், கேட்ட கேள்விக்குப் பதில், கேட்கக்கூடாத கேள்விக்கும் முகம் கோணாத பதில். பேர் யாருக்கும் கிடையாது, அறை எண்தான். எண் போதாதென்று தங்களுக்குள் பட்டப்பேர் வைத்துக்கொண்டார்கள்.

ஏழாம் அறைக்காரிக்கு ஆமை என்று பேர். முப்பத்தாறு வயது. அவசரம் என்ற சொல்லே அவள் உடம்பில் கிடையாது. கதவு திறந்ததும் பேசமாட்டாள். தலை வாரிக்கொண்டிருப்பாள். நாலு வாரு வாரி, சீப்பை மடியில் வைத்துவிட்டுக் கேமராவின் கறுப்புத் துளையை நிமிர்ந்து பார்ப்பாள். திரையைப் பார்த்தால் எதிரே இருப்பவனுக்கு அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல இருக்கும். துளையைப் பார்த்தால்தான் நாற்பது பேரும் தன்னையே பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். பிறகு மெதுவாக, "நேத்து எங்க விட்டேன்?" என்பாள். கதை தொடங்கும். கதையில் ஒருத்தி இருட்டு வீட்டில் நடந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கும் இடத்தில் நிறுத்தி, ஆமை தண்ணீர் குடிப்பாள். அவசரமில்லாமல், ஒரு டம்ளர் முழுக்க. அதுவரை யாரும் எழுந்து போனதில்லை. மற்ற அறைகளுக்கு நூறு பேர் வந்து எண்பது பேர் போவார்கள். ஆமையிடம் நாற்பது பேர் வந்தால் நாற்பது பேரும் கடைசி வரை இருப்பார்கள்.

எட்டாம் அறைக்காரி பட்டாசு. இருபத்துநாலு வயது, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஒருவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவனை நலம் விசாரித்து, கேலி செய்து, கோபித்து, சமாதானமும் ஆகிவிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். "அக்கா, உங்க கதையை நானும் கேக்கறேன், சீக்கிரம் அந்தத் தாழ்ப்பாளைத் திறங்களேன், எனக்கு வேலையே ஓடல" என்பாள் பட்டாசு, படியிறங்கும்போது. "நீ ரெண்டு நிமிஷம் வாயை மூடு, கதவு தானா திறக்கும்" என்பாள் ஆமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் முதலாளி குருவியைக் கொண்டுவந்தார்.

குருவி என்று பேர் வைத்தது பட்டாசுதான். காதுக்குள் செருகிக்கொள்ளும் சின்னக் கருவி. மூன்று விநாடி பேச்சு நின்றால் காதுக்குள் 'கீச்' என்று கத்தும். ஒரு காலையில் பதினைந்து முறை கத்தினால் மேற்பார்வைக்காரனின் திரையில் அந்த அறை எண் சிவப்பாகும். மூன்று நாள் சிவப்பானால் அறையைக் காலி செய்ய வேண்டும். மேற்பார்வைக்காரனுக்குக் கங்காணி என்று பேர்; அதை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

முதலாளி இளவயசுக்காரர். குரலை உயர்த்தியதே இல்லை. எல்லோரையும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். குருவியைக் கொடுத்த அன்று நடைவழியில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"அக்காங்களா, நீங்க பேசாம இருக்கிற ஒவ்வொரு விநாடியும் கடை ஷட்டரை இழுத்து மூடுற மாதிரி. வந்தவன் அடுத்த கடைக்குப் போயிடுவான்."

"என் ரூம்ல யாரும் போறதில்லையே சார்" என்றாள் ஆமை. "நான் பேசாம இருக்கும்போதுதான் அவன் காத்திருக்கான்."

"இருக்கலாம்க்கா. ஆனா எல்லா ரூமுக்கும் ஒரே தராசு. உங்களுக்குன்னு தனித் தராசு வைக்க முடியுமா?"

"நடுவுல மூச்சு விடணுமே சார்?" என்றாள் பட்டாசு.

"பேசிக்கிட்டே விடுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பட்டாசும் சிரித்தாள். சிரித்த சூட்டோடு, "அப்ப மணிக்கொரு தடவை பத்து நிமிஷம் இடைவேளையாவது குடுங்க" என்றாள்.

"இடைவேளை, விசில், சங்கு எல்லாம் தொழிலாளிக்கு. நீங்க தொழிலாளியா? கலைஞர்கள்க்கா நீங்க."

"கலைஞருன்னா என்ன சார் கூட வரும்?"

"மரியாதை."

மரியாதையை உலையில் போட்டால் வேகுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே ஆமைக்கு இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. அவள் தண்ணீர் குடித்தால் குருவி கத்தியது. சீப்பை எடுத்தால் கத்தியது. வேறு வேலை தேடலாம்தான். ஆனால் மதியம் மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது வீட்டில் இருக்க விடும் வேலை அந்த ஊரில் இது ஒன்றுதான். கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒருமுறை முகம் காட்டுவான். வீட்டில் இன்னோர் ஆள் நாத்தனார். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், அவளுக்கு மாலையில்தான் வேலை; காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவள். இன்னொரு சிவப்பு விழுந்தால் இந்த ஏற்பாடு மொத்தமும் சரிந்துவிடும். அதனால் ஆமை ஓடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. கதவு திறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. கதையில் அந்தப் பெண் மறுபடியும் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் பட்டாசின் குரல் காலையிலிருந்தே கம்மிக்கொண்டு வந்தது; தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. பிறகு ஒரு சொல்லின் பாதியில் நின்றது. பொத்தென்று ஒரு சத்தம். அதன்மேல் விளக்குக் கம்பி சாய்ந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம். விட்டத்திலிருந்து மாவு உதிர்ந்து ஆமையின் மடியில் விழுந்தது.

காதுக்குள் குருவி கத்தியது. அன்றைக்கு அது பதினாலாவது முறை.

'அது என்ன சத்தம்?' என்று திரையில் ஒருவன் எழுதினான்.

ஆமை சிரித்தாள். எது நடந்தாலும் முகம் மாறக்கூடாது என்பது முதல் நாள் பாடம். "ஒண்ணுமில்ல, பக்கத்துல பூனை எதையோ தள்ளிடுச்சு" என்றாள். கதையைத் தொடர்ந்தாள். பதினோரு நிமிடம் தொடர்ந்தாள். அந்தப் பதினோரு நிமிடமும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, குருவி ஒருமுறைகூடக் கத்தவில்லை. ஒன்பதாம் அறைக்காரிக்கும் சத்தம் கேட்டது, அவளும் சிரித்தாள். பத்தாம் அறை நெட்டைக்கும் கேட்டது. பன்னிரண்டு அறையில் பதினோரு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி தரையில் கிடந்தாள்.

நடைவழியில் நடந்ததை லைட்டண்ணன்தான் பிறகு சொன்னான். விளக்கும் கம்பியும் பார்த்துக்கொள்கிறவன் அவன். சத்தம் கேட்டு ஓடியபோது கங்காணி கையை நீட்டி மறித்தான்.

"உள்ள போகாத."

"விழுந்துட்டா அண்ணே! கை மட்டும் ஸ்கிரீன்ல தெரியுது பாருங்க."

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. எவ்வளவு பேர் வந்திருக்கான் பாரு. கூட்டம் ஏறுதுடா. ஒரு அஞ்சு நிமிஷம் விடு."

அஞ்சு நிமிஷம் பதினொன்று ஆனது. கடைசியில் லைட்டண்ணன் கங்காணியைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். விளக்கின் சூட்டுக் கம்பி பட்டாசின் தோளில் கிடந்தது. அவள் வாயோரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அவன் தூக்கிக்கொண்டு ஏழாம் அறை வாசலைக் கடந்தபோது, உள்ளே ஆமை இன்னும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதையில் தாழ்ப்பாள் அப்போதும் திறக்கவில்லை.

தொண்டை நரம்பு வெடித்திருக்கிறது, மூன்று மாதம் ஒரு சொல் பேசக்கூடாது, அதற்குப் பிறகும் பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பேச்சை விற்றுப் பிழைத்தவளிடம் இதைச் சொன்னார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஐந்து பேர் முதலாளி அறைக்குப் போனார்கள். ஆமை, நெட்டை, ஒன்பதாம் அறைக்காரி, லைட்டண்ணன், முன்னால் ஒன்றாம் அறை வாத்தியாரம்மா. அவள் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் பேச அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

"சார், அந்தப் பொண்ணோட ஆஸ்பத்திரிச் செலவை நீங்க ஏத்துக்கணும். குருவியை எடுத்துடணும். மணிக்குப் பத்து நிமிஷம் தண்ணி குடிக்க விடணும்" என்றாள் வாத்தியாரம்மா.

"யாராவது விழுந்தா உடனே கதவைச் சாத்தணும்" என்றாள் நெட்டை.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அவரே புன்னகைத்தார்.

"என்னக்கா இது? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த மாதிரி நிக்கறீங்க."

யாருக்கும் புரியவில்லை.

"கஷ்டம்னு சொல்றீங்க. நிஜமாவே கஷ்டம்னா முகத்துல தெரியுமே. அத்தனை பேரும் பளிச்சுனு சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கு. இந்த முகம்தான் நம்ம கடையோட சொத்து." தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். அவர் காதில் எதுவும் கத்தவில்லை. "அந்தப் பொண்ணுக்கு உடம்பு வீக். அதுக்கு நான் என்ன பண்றது? போகட்டும். சனிக்கிழமையிலிருந்து மூணு விநாடி இல்லை, ரெண்டு விநாடி. எட்டாம் ரூம் காலியா இருக்கு, அந்தக் கூட்டத்தை நீங்கதான் ஈடு கட்டணும்."

"சார், நாங்க கோவமா பேசிக்கிட்டிருக்கோம்" என்றாள் ஒன்பதாம் அறைக்காரி.

"தெரியவே இல்லையேக்கா" என்றார் முதலாளி.

லைட்டண்ணன் ஒருவன்தான் முறைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். பன்னிரண்டு விளக்கின் கம்பியும் எது எங்கே போகிறதென்று அவனுக்கு மட்டுமே தெரியும் என்பதால் தப்பினான்.

அன்று மாலை ஆமை நடந்ததை நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இப்பவும் சிரிக்கிறீங்க."

"நானா? எரிஞ்சுக்கிட்டிருக்கேன்டி நான்!"

"எரியுறது உள்ள. வெளிய பல்லு தெரியுது. போய்க் கண்ணாடியில பாருங்க. போன மாசம் எங்கண்ணனோட சண்டை போட்டீங்களே, அப்பவும் இப்படித்தான். அவன் என்கிட்ட வந்து, 'உங்கண்ணி என்னைக் கிண்டல் பண்றாடி'ங்கறான்."

ஆமை கண்ணாடி முன்னால் போய் நின்றாள். உதட்டின் இரண்டு முனையும் யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி மேலே நின்றன. கையால் இழுத்து இறக்கிவிட்டாள். விட்டதும் மறுபடி ஏறிக்கொண்டது. ஆறு வருஷமாகத் தினம் எட்டு மணி நேரம் தூக்கி நிறுத்திய சிரிப்பு, இறங்கு என்றால் இறங்குமா? அவளுக்கு முதலாளிமேல் வந்த கோபத்தைவிடத் தன் வாய்மேல் அதிகக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பட்டாசு சுவரோரக் கட்டிலில் தோளில் கட்டுடன் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும். ஆமையைப் பார்த்ததும் பென்சிலை எடுத்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'கேட்டுச்சா?'

பொய் சொல்லியிருக்கலாம். ஃபேன் சத்தம், கதை மும்முரம், கவனிக்கவில்லை என்று ஆயிரம் சொல்லலாம். ஆமை சொல்லவில்லை.

"கேட்டுச்சு" என்றாள்.

பட்டாசு நோட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

'எனக்கும் கேட்டுச்சு. பூனை.'

தரையில் கிடந்தவளுக்கு நினைவு தப்பியிருக்கவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தோளில் கம்பி சுட்டுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்த குரலில் பூனை என்று சொல்வதையும், பதினோரு நிமிடம் கதை சொல்வதையும் முழுசாகக் கேட்டிருக்கிறாள். ஆமைக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எந்த வாயால் கேட்பது? அப்போதுதான் அவளுக்கே தெரியாமல் அது நடந்தது. நூல் அறுந்த மாதிரி உதட்டு முனைகள் இரண்டும் கீழே இறங்கின. கன்னம் தொங்கியது. கண்ணுக்குக் கீழே ஆறு வருஷக் களைப்பு அப்படியே வெளியே வந்து நின்றது.

பட்டாசு அந்த முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நோட்டைத் திருப்பி, பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

'இந்த மூஞ்சியை அவனுக்குக் காட்டு.'

அதற்குமேல் எதுவும் எழுதாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று கேட்டால், இல்லை. மன்னிப்பது வேறு, வேலை சொல்வது வேறு.

ஆமை அங்கிருந்தே நெட்டைக்குப் போன் போட்டாள். நெட்டை மற்றவர்களுக்குப் போட்டாள். அன்று மாலை நாலு மணிக்குக் கிடங்கின் மொட்டைமாடியில், காயப்போட்ட திரைச்சீலைகளுக்கு நடுவில், பதினோரு பேரும் கூடினார்கள். லைட்டண்ணன் படிக்கட்டில் காவல் உட்கார்ந்தான்.

"வேலைக்கு வராம இருந்துடலாம்" என்றாள் ஒன்பதாம் அறைக்காரி.

"வராம இருந்தா நாளைக்கே பன்னிரண்டு புது ஆளு வந்துடும்" என்றாள் ஆமை. "வரணும். உட்காரணும். கதவு திறந்திருக்கணும். ஆனா பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. அவன் காசாக்குறது நம்ம சத்தத்தைத்தானே? அதை நிறுத்துவோம். நம்ம நிஜ முகத்தை வந்தவன் எல்லாம் பார்க்கட்டும்."

"அவ்வளவுதானா?" என்றாள் நெட்டை. "சும்மா உட்காரணும். இது என்ன பெரிய வேலை?"

"உட்காந்து காட்டு பார்ப்போம்."

நெட்டை உட்கார்ந்தாள். லைட்டண்ணன் கொண்டுவந்திருந்த உடைந்த கேமரா ஒன்றை எதிரே வைத்தார்கள். நாலாவது விநாடியில் அவள் தலை தானாகச் சாய்ந்தது, பல் வெளியே வந்தது, "எப்படி இருக்கீங்க?" என்று வாய் கேட்டுவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து வாத்தியாரம்மா. ஏழு விநாடி தாக்குப்பிடித்துவிட்டுத் துளையைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சொந்த முகம் சொந்தப் பேச்சைக் கேட்கவில்லை என்பது ஒவ்வொருத்திக்கும் உறைத்தது.

"திரையைப் பார்க்காதீங்க, அதுல உங்க முகம் தெரியும், தெரிஞ்சா அலங்காரம் பண்ணச் சொல்லும்" என்றாள் ஆமை. "துளையைப் பாருங்க. மூச்சை எண்ணுங்க. பேசணும்னு வரும். நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்கங்க. அப்பவும் உதடு ஏறினா, புதன்கிழமை அந்தச் சத்தம் கேட்டப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு நினைச்சுக்கங்க."

கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது. ஒவ்வொரு முகமாக இறங்கியது. வாத்தியாரம்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். நெட்டை அழுதுவிட்டாள், ஆனால் சிரிக்கவில்லை.

ஏழு மணிக்கு ஒன்றாம் அறையில் வாத்தியாரம்மா நிறுத்துவாள், பக்கத்துப் பலகையில் மூன்று தட்டு தட்டுவாள். தட்டு வந்தவள் நிறுத்தி, அடுத்த பலகையில் தட்ட வேண்டும். எட்டாம் அறை காலி. அதனால் ஏழிலிருந்து ஆமை பலமாகத் தட்டினால் ஒன்பதுக்குக் கேட்கும் என்று முடிவானது.

சனிக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கண்ணாடி முன்னால் யாரும் யாரோடும் பேசவில்லை. ஆமை பவுடர் பூசிக்கொண்டிருந்தபோது கங்காணி ஒரு புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தான். இருபது வயது இருக்கும். கையில் பை. "இது எட்டாம் ரூம். சீக்கிரம், சீக்கிரம்" என்று நேராக உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தான். யாரும் அவளிடம் ஒரு சொல் பேச வழியில்லாமல் கதவு சாத்திக்கொண்டது. ஆமையும் நெட்டையும் கண்ணாடி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டாசு விழுந்த இடத்தில் எதுவும் அறியாத ஒருத்தி. அவள் பேசிக்கொண்டிருந்தால் ஆமையின் தட்டு ஒன்பதுக்குப் போய்ச் சேராது. வரிசை நடுவில் அறுந்துவிடும்.

ஐந்துக்குக் கதவு திறந்தது. ஆமை கதை சொன்னாள். இரண்டு விநாடிக் குருவி சீப்பைத் தொடக்கூட விடவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் புதுப்பெண் பயத்தில் படபடவென்று பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்திலேயே குரலில் கீறல் விழ ஆரம்பித்தது.

ஏழு மணி. ஆறாம் அறைப் பலகையில் மூன்று தட்டு.

ஆமை கதையை நிறுத்தினாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினாள். உதட்டை இறக்கி வைத்தாள். குருவி கத்தியது. கையை நீட்டி எட்டாம் அறைப் பலகையில் மூன்று முறை தட்டினாள். அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை. குருவி கத்தியது. மறுபடி தட்டினாள், இந்த முறை விரல் முட்டி வலிக்க. பேச்சு தடுமாறியது, ஆனால் ஓடியது. 'என்ன ஆச்சு?' என்று திரையில் ஒருவன் எழுதினான். 'படம் நின்னுடுச்சா?' 'இல்ல, கண் சிமிட்டறா.' 'ஏய், காசு குடுத்திருக்கேன், பேசு!' ஆமை எதையும் படிக்கவில்லை. துளையைப் பார்த்தபடி மூன்றாவது முறை, உள்ளங்கையால், பலகை அதிர அடித்தாள். விட்டத்திலிருந்து மாவு உதிர்ந்தது. அந்தப் பக்கமும் உதிர்ந்திருக்க வேண்டும்.

ஒரு சொல்லின் பாதியில் புதுப்பெண்ணின் குரல் நின்றது.

புதன்கிழமையும் இப்படித்தான் நின்றது. பொத்தென்ற சத்தத்துக்காக ஆமையின் காது கூர்ந்தது. வந்தால் எழுந்து ஓடுவது என்று காலை ஊன்றிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. பலகையில் மெல்ல, சந்தேகத்தோடு, மூன்று தட்டு வந்தது. என்ன ஏதென்று தெரியாமலே திருப்பித் தட்டுகிறாள். அந்தப் பேதைக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள், சுவரைத் தவிர? அந்த அமைதியில் ஆமை மறுபடி தட்டிய தட்டு எட்டைத் தாண்டிப் போனது. ஒன்பதில் தட்டினார்கள். பத்தில் தட்டினார்கள். பன்னிரண்டாம் அறை மௌனமானபோது அந்தக் கிடங்கில் குருவிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

நடைவழியில் ஓடும் சத்தம்.

"சார், மெயினை அணைச்சிடவா?" கங்காணியின் குரல்.

"அணைச்சா இருக்கறவனும் போயிடுவான்! எவ்வளவு பேரு?"

"கூட்டம் ஏறுது சார். ஏன்னு தெரியல, ஏறிக்கிட்டே இருக்கு."

"சார், என்ன கேட்டோம்னு உங்களுக்குத் தெரியும்" என்றது லைட்டண்ணன் குரல். "அதைக் குடுத்துட்டுப் போங்க."

"நீ வாயை மூடு!"

ஏழாம் அறைக் கதவு திறந்தது. முதலாளி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றார். முன்னால் வர முடியாது, சிவப்புப் புள்ளி எரிகிறது. சத்தம் போடவும் முடியாது, கேட்கும். முகம் வியர்த்திருந்தது.

"அக்கா, பேசுங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாக. "இது உங்களுக்கு மூணாவது சிவப்பு. ஞாபகம் இருக்கா?"

ஆமை துளையைப் பார்த்தபடி இருந்தாள். ஞாபகம் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் மகளும் ஞாபகத்தில் இருந்தாள். உதடு ஏறப் பார்த்தது. அவள் ஏறவிடவில்லை.

"பேச வேண்டாம். சும்மா சிரிச்சாப் போதும். சிரிங்க." ஆமை மூச்சை எண்ணினாள். "சிரி." இன்னொரு மூச்சு. "சிரிடி!"

ஆறு வருஷத்து அக்கா போய் அரை நிமிடத்தில் டி வந்துவிட்டது. ஆமை மெதுவாகக் கண்ணைத் துளையிலிருந்து எடுத்து அவனைப் பார்த்தாள். நாற்பது பேர் இருந்த இடத்தில் இப்போது நானூறு பேர் அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எட்டாம் ரூம்ல விழுந்த பொண்ணு எப்படி இருக்கா?' என்று ஒருவன் எழுதியிருந்தான்.

முதலாளிக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் தன் வாயோரங்களில் வைத்து மேலே இழுத்து, எப்படிச் சிரிக்க வேண்டுமென்று செய்து காட்டினான். விரலை எடுக்க மறந்து அப்படியே நின்றான். அந்தக் கட்டடத்தில் அப்போது சிரித்துக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான்.

பலகைக்கு அந்தப் பக்கம் புதுப்பெண் பயந்துபோய் இன்னொரு முறை தட்டினாள். ஆமை கையை நீட்டி, கேமராவுக்குத் தெரியும்படியே, திருப்பித் தட்டினாள்.